லிஃப்ட்காரரின் கடைவாய்ப்பல்

லிஃப்ட்காரரின் பல் கெட்டால் வலி அவர் மனைவிக்குத்தான் வரும். தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் மெதுவாக வரும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்ததைப் போல இதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது மேல்தாடையில் சுரீரென்று ஒரு வலி ஏறியது. பாதி வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் இருவருமாகப் பல் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் விளக்கை வாய்க்குள் திருப்பி, சின்னக் கண்ணாடியை விட்டு, கொக்கியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேயும் எடுத்தார். ஒரு பல்லிலும் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நின்ற லிஃப்ட்காரர் அலுத்துப்போய் ஒரு கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்குள் டாக்டர் கறுப்பாக ஒரு குழியைப் பார்த்தார். கொஞ்சம் அப்படியே நில்லுங்கள் என்று சொல்லி, கொக்கியை அந்தக் குழியில் வைத்து அழுத்தினார். லிஃப்ட்காரர் சும்மா நின்றார். நாற்காலியில் படுத்திருந்த டீச்சர் அம்மா என்று கத்தி எழுந்து உட்கார்ந்தார்.

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. கெட்ட இடம் ஒன்று, வலிக்கிற இடம் ஒன்று என்பது அவர் தொழிலில் சகஜம். கீழ்ப்பல் கெட்டால் காது குடையும், மேல்பல் கெட்டால் கண்ணுக்குக் கீழே இழுக்கும், நல்ல பல்லைக் காட்டி இதைப் பிடுங்கு என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு. இங்கே வலி பக்கத்து ஆள்வரைக்கும் போயிருக்கிறது, தூரம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று அவர் முடிவு செய்தார். அன்றைக்கே வெளியிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து சிகிச்சை நாற்காலிக்கு இணையாகப் போட்டார். மரத்துப்போகும் ஊசியை டீச்சரின் ஈறில் போட்டு, குடைகிற வேலையை லிஃப்ட்காரரின் பல்லில் செய்து, குழியை அடைத்து அனுப்பினார். அதன்பிறகு அந்தக் குடும்பத்துக்கு அதுவே முறையாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் சுத்தம் செய்ய வருவார்கள். டாக்டர் லிஃப்ட்காரரின் பல்லில் காரை சுரண்டுவார். டீச்சர் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டு, மரத்த வாயோடு, உதடு ஒரு பக்கம் தொங்க உட்கார்ந்திருப்பார். ஏதாவது பல்லில் சந்தேகம் வந்தால், ஊசிக்கு முன்னால் டாக்டர் லிஃப்ட்காரரின் பல்லைத் தட்டி டீச்சரின் முகத்தைப் பார்ப்பார். இங்கயா, இல்ல இங்கயா என்று கேட்பார். டீச்சர் தலையை ஆட்டுவார். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வருகிற நோயாளிகள் இதைப் பார்த்துவிட்டுத் திகைத்தால், காத்திருக்கிற பழைய ஆட்கள் விளக்கிச் சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுவார்கள்.

வலி யாருக்குப் போகிறது என்பதைத் தெரு சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. லிஃப்ட்காரருக்கு அம்மா உயிரோடு இருந்தவரை அவர் அம்மாதான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தாராம். அவருக்கு யார் மேல் பிரியம் அதிகமோ அவர்களுக்கு வலிக்கும். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். நினைத்தது மட்டுமில்லை, வெளியே சொல்லாவிட்டாலும் பெருமையும் பட்டார். மற்ற வீட்டுப் பெண்கள், எங்க வீட்டு ஆளுக்கு என் மேல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும், உனக்குன்னா ஈறுலயே எழுதி வெச்சிருக்கு என்று பொருமுவார்கள். டீச்சர் வீங்கிய கன்னத்தோடு சிரிப்பார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. டீச்சருக்குத் தன் பல் வலித்தபோது அதுவும் டீச்சருக்குத்தான் வலித்தது. ஞானப்பல் குறுக்கே முளைத்து, ஈறைக் கிழித்து எடுத்த அன்று லிஃப்ட்காரர் வெளியே உட்கார்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். பிரியம் அவருடையது, வலி அடுத்தவருடையது. தெருவில் ஒருவர்கூட இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சரும் பார்க்கவில்லை.

வலி தெரியாத மனிதன் பல்லை எப்படி வைத்துக்கொள்வான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட்காரர் ஒயரின் மேல்தோலைப் பல்லால்தான் உரிப்பார். பையில் இடுக்கி இருக்கும், இருந்தும் பல்தான். சோடா பாட்டிலின் மூடியையும் பல்லால் திறப்பார். காலையில் விரலில் கொஞ்சம் பேஸ்ட்டைத் தொட்டு ஒரு இழுப்பு, அதோடு சரி. ராத்திரி தேய்ப்பது என்பது அவருக்குக் கேள்வி ஞானம். டீச்சர் ஏதாவது சொன்னால், உனக்கு வலிச்சா சொல்லு, போகலாம் என்பார். அதைக் கேட்டு டீச்சர் உருகிப்போவார், என்ன செய்ய. மகள் விஷயத்தில் மட்டும் அவர் உருகவில்லை. இரண்டு வாய் வலியைத் தாங்கிய அனுபவத்தில், மகளுக்குப் பால்பல் முளைத்த நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஃப்ளோரைடு தடவிக்கொண்டு வந்தார், கடைவாய்ப்பல் முளைத்ததும் அதன் பள்ளங்களை அடைத்துவிட்டார், வரிசை கோணியபோது கம்பி போட்டு நேராக்கினார். அந்தப் பெண் பள்ளியின் கடைசி வகுப்புகளுக்கு வரும்போது வாயில் ஒரு சொத்தைகூட இல்லை. டாக்டர் மற்ற குழந்தைகளுக்கு அவள் வாயைத் திறந்து காட்டுவார்.

டாக்டரிடம் உதவிக்கு இருந்தவளைப் பிள்ளைகள் பஞ்சு அக்கா என்று கூப்பிட்டார்கள். வாயில் பஞ்சு வைப்பதில் அவளுக்கு அப்படி ஒரு கை. பஞ்சு வைத்ததே தெரியாது, எடுத்ததும் தெரியாது. எச்சில் உறிஞ்சுகிற குழாயை நாக்கில் படாமல் மூலையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். டாக்டர் வலது பக்கம் குடைந்தால் அவள் நிழல்கூட விளக்கில் விழாது. டீச்சருக்கு ஊசி போடும்போது மட்டும் குழாயை மாட்டிவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். மூச்சை இழுத்து விடுங்கக்கா, ஆச்சுக்கா, அவ்வளவுதான்கா என்பாள். டீச்சருக்கு அவள்மேல் ரொம்பப் பாசம். விடுமுறை நாட்களில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள், மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். அவள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும், லிஃப்ட்காரர் போய்ச் சரிசெய்வார். டீச்சரேதான் பல தடவை, பாவம் அந்தப் பொண்ணு மாடி ஏறிச் சாகிறா, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன் என்று அனுப்பிவைத்தார்.

டீச்சரை அக்கா என்று கூப்பிட்டவள் லிஃப்ட்காரரை அண்ணா என்றுதான் கூப்பிட்டுவந்தாள். வாயைத் திறங்கண்ணா, துப்புங்கண்ணா. ஒரு கட்டத்தில் அந்த அண்ணா காணாமல் போனது. சார் என்றும் மாறவில்லை, வேறு எதுவாகவும் மாறவில்லை. வாயைத் திறங்க, துப்புங்க, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசி முடித்துவிடுவாள். கூப்பிடுகிற முறை நின்றுபோனால் அங்கே வேறு ஏதோ தொடங்கியிருக்கிறது என்பது யாருக்கும் புரியக்கூடியதுதான். டீச்சருக்கு அது காதில் விழவில்லை. நம்பிக்கை காதை அடைத்துவிடும், அதற்கு ஊசி வேண்டாம்.

ஒரு நாள் காலையில் லிஃப்ட்காரர் ரொட்டியின் ஓரத்தைக் கடித்தார். கடக்கென்று ஒரு சத்தம். வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார். பாதிக் கடைவாய்ப்பல். உள்பக்கம் கரியாக இருந்தது, மேசை முழுக்க நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். டீச்சர் அந்தத் துண்டைப் பார்த்தார், பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நேற்றும் ஒன்றும் இல்லை, போன மாதமும் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் பல்லில் ஒரு சின்னக் கூச்சம் வந்தாலும் முதலில் தெரிவது டீச்சருக்குத்தான். ஒரு பல் வேர்வரை அழுகி உடைகிறவரை தனக்குத் தெரியாமல் போனதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு வேர் செத்துவிட்டது, மற்றதில் இன்னும் உயிர் இருக்கிறது, நரம்பை எடுத்து வேர் சிகிச்சை செய்துவிட்டால் மேலே தொப்பி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்றார். பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"இது நேத்து இன்னிக்குக் கெட்ட பல் இல்லையே டீச்சர். மாசக்கணக்கா ஊரையே கூட்டியிருக்கணும். யாருக்கு வலிச்சுது இது?"

அதிசயம்தானே, வந்தது போல ஒரு நாள் போயிருக்கலாம் என்று டீச்சர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பழக்கப்பட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டாக்டர் வழக்கம் போல ஊசியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் வந்தார். வேண்டாம் டாக்டர், எனக்குத்தான் ஒண்ணும் வலிக்கலையே, ஆரம்பிங்க, வலிச்சா சொல்றேன் என்றார் டீச்சர். அவருக்கு உண்மையில் வலிக்க வேண்டும் என்று இருந்தது. டாக்டர் லிஃப்ட்காரரைப் படுக்க வைத்து, எல்லோரிடமும் சொல்கிற மாதிரி அவரிடமும், நிறுத்தணும்னா இடது கையைத் தூக்குங்க என்று சொல்லிவிட்டு விளக்கை இழுத்தார். பஞ்சு முகமூடியைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றிக்கொண்டு குழாயோடு வந்து நின்றாள். கொஞ்ச மாதங்களாகவே அவள் முகமூடியைக் கழற்றாமல் இருந்தாள், சளி என்று சொன்னாள்.

டாக்டர் பல்லைத் திறந்து, முடியைப் போல மெல்லிய அரத்தை வேரின் முதல் கால்வாயில் இறக்கினார். டீச்சர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எதிரே பஞ்சு அசையாமல் நின்றாள். குழாய் நாக்கில் படவில்லை, நிழல் விளக்கில் விழவில்லை. அவள் கண்களிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கி முகமூடி நனைந்துகொண்டிருந்தது. அரம் கீழே போனால் தண்ணீர் வழிந்தது, அரம் மேலே வந்தால் நின்றது. அந்தத் தண்ணீரை டீச்சருக்குத் தெரியும். அழுகிற தண்ணீர் வேறு, நரம்பைத் தொட்டால் தானாக வருகிற தண்ணீர் வேறு. ஊசி வேலை செய்யாத நாட்களில் இதே அறையில் அவருக்கு வந்த தண்ணீர் அது.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள் என்று எழுதினால் தப்பாகிவிடும், கடித்தால் அந்த வலி இரண்டு மடங்காகும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். டீச்சருக்கு அவள் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்த மூச்சு. ஊசி கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும், கேட்காவிட்டால் உயிர் போகும். அவள் கேட்கவில்லை. டீச்சர் கணவனைப் பார்த்தார். அவருக்கு யாருக்கு வலிக்கிறது என்று தெரியும், தெரிகிற முகம் அது. விளக்கையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இடது கை வயிற்றின் மேல் இருந்தது. அதைத் தூக்கினால் போதும், டாக்டர் நிறுத்திவிடுவார். தூக்கினால் ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். அந்தக் கை கிடந்த இடத்திலேயே கிடந்தது. பஞ்சுவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நல்ல மனுஷி, யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனாலும் இரண்டாவது கால்வாயையும் டாக்டர் சுத்தம் செய்து முடிக்கிறவரை அவர் வாயைத் திறக்கவில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன், சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். டாக்டர் மூன்றாவதுக்காக அரத்தை மாற்றியபோது டீச்சர் எழுந்து நின்றார்.

"டாக்டர், அந்தப் பொண்ணுக்கு ஊசி போடுங்க."

டாக்டர் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் பல் பாதியில் திறந்து கிடந்தது, பாதியில் விட்ட பல் இன்னும் கெட்டுப்போகும். எனவே பஞ்சுவை டீச்சரின் நாற்காலியில் உட்கார வைத்து, முகமூடியை இறக்கி, ஈறில் ஊசி போட்டார். பஞ்சு முகத்தை மூடிக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொள்ள யாரும் வரவில்லை. உறிஞ்சுகிற குழாயைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அதை டீச்சர் எடுத்துக்கொண்டார். கணவனின் வாயோரத்தில் மாட்டிப் பிடித்தபடி, மூன்றாவது கால்வாய் முடிந்து மருந்து வைத்து மூடுகிறவரை நின்றார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். துப்புங்க என்று டீச்சர்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட்காரர், நான் என்ன வலியைப் பொட்டலம் கட்டியா அங்க அனுப்பினேன், அது தானா போச்சு என்றார். நியாயம் பேசுகிறவர்களுக்கு எப்போதும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. டீச்சர் கத்தவில்லை. அவர் மனதில் ஓடியது வேறு. போன தடவை பல் சுத்தம் செய்த அன்று பஞ்சு லீவு போட்டிருந்தாள். அன்றைக்கும் டீச்சர் ஊசி போட்டுக்கொண்டார், மரத்த வாயோடு உட்கார்ந்திருந்தார், திரும்பும்போது கணவன் தோளில் சாய்ந்துகொண்டு ஆட்டோவில் வந்தார். அப்போதே வலி அவரிடம் இல்லை. இல்லாத வலிக்கு ஊசி குத்திக்கொண்டு, இருக்கிற மாதிரி பெருமையும் பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கு ஊசி போடறத வேடிக்கை பாத்துக்கிட்டு எப்படிங்க படுத்திருந்தீங்க? என்னை அவ்வளவு இளிச்சவாயின்னா நினைச்சீங்க?"

லிஃப்ட்காரர் வேலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பல் ஏன் உடைகிறவரை கெட்டது என்பதும் டீச்சருக்கு அப்போது விளங்கியது. இந்த வீட்டில் பல் கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டியது டீச்சர்தான். டீச்சருக்கு வலிக்காமல் லிஃப்ட்காரர் தானாக டாக்டரிடம் போனால் எப்படித் தெரிந்தது என்ற கேள்வி வரும். எனவே அவர் போகவில்லை, பஞ்சுவாலும் போகச் சொல்ல முடியவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மனிதர் அவளை மாதக்கணக்கில் துடிக்கவிட்டிருக்கிறார். டீச்சருக்குத் தன்மேல் வந்த அளவு கோபம் அவள்மேல் வரவில்லை. வந்தது, ஆனால் நிற்கவில்லை.

டீச்சர் பிரிந்துவிடுவது என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில் ஒரு மாடி அறை பார்த்தார். காற்று வரும், மகள் படிக்க ஜன்னலோரத்தில் மேசை போடலாம். சாவியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மகளின் பரீட்சை முடியட்டும் என்று மட்டும் காத்திருந்தார். வீட்டில் பேச்சு நின்றுபோனது. லிஃப்ட்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மகளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு திரிந்தார். அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார், கூட்டி வந்தார், அவள் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து மிட்டாய் தின்றார். பல் தேய்ப்பதை அடியோடு விட்டிருந்தார். பஞ்சு டாக்டரிடமிருந்து நின்று, வேறு பேட்டையில் ஒரு பல் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்வி.

ஒரு மதியம் அவள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். முகமூடி இல்லை. கன்னம் வற்றிப்போயிருந்தது. டீச்சர் பார்த்தும் பார்க்காதது போலப் போயிருக்கலாம், போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேங்கா. அவங்களுக்கு மேல வலது பக்கம் ஒரு பல் கெட்டிருக்கு. அதப் பிடுங்கியாச்சா? இல்ல அடைச்சாங்களா?"

"எந்த டாக்டர்கிட்டயும் போகலையே. ஏன்?"

"போன வாரம் வரைக்கும் எனக்கு வலிச்சுது. இப்ப வலிக்கலை."

பஞ்சுவுக்கு டீச்சர் சொன்னதே போதுமானதாக இருந்தது. சரிங்கக்கா என்றாள். அழவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள். அந்தக் கை வயிற்றின் மேல் கிடந்ததைப் பார்த்த அன்றே அவளுக்குப் பாதி தெரிந்திருக்கும், மீதி இப்போது தெரிந்தது. கைகழுவப்பட்டதை இருவருமே வலி நின்றதிலிருந்துதான் தெரிந்துகொண்டார்கள். டீச்சர் வாசலிலேயே நின்று நாக்கால் தன் மேல்வரிசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. நான்கு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. பல் இன்னும் கெட்டுத்தானே இருக்கிறது, அப்படியானால் அது இப்போது யாருக்கு?

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மகள் படுக்கையில் சுருண்டு கிடந்தாள், வலது கன்னத்தைத் தலையணையில் அழுத்திக்கொண்டிருந்தாள். ரெண்டு மூணு நாளாவே இருக்கும்மா, பரீட்சை நேரமாச்சேன்னு சொல்லலை என்றாள். டீச்சர் அவளை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப் போனார். டாக்டர் அந்த வாய்க்குள் பார்க்கவே தேவையில்லாதவர், அதன் ஒவ்வொரு பல்லும் அவர் காவலில் வளர்ந்தது. இருந்தாலும் பார்த்தார், தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார். பல் எல்லாம் முத்து மாதிரி இருக்கும்மா என்று அவளிடம் சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தார். மகளுக்கு எல்லாம் தெரியும், அந்தத் தெருவில் வளர்ந்தவள்தானே. அம்மாவும் டாக்டரும் பார்த்துக்கொண்ட விதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்போ இது அப்பாவோட வலியா?"

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கண்ணில் தண்ணீர் நிற்க, கன்னம் துடிக்க, அந்தப் பெண் சிரித்தாள். அப்பாவுக்கு என்னைத்தான் ரொம்பப் பிடிக்கும், எனக்குத் தெரியும் என்றாள். அந்தச் சிரிப்பை டீச்சர் எத்தனை வருஷம் சிரித்திருக்கிறார். கணவன் ஏமாற்றியது ஒரு பக்கம், பஞ்சு ஏமாற்றியது ஒரு பக்கம். இப்போது இந்த வலியே தன்னை ஏமாற்றிவிட்டு, தான் பாடுபட்டு ஒரு சொத்தை இல்லாமல் வளர்த்த வாயில் போய் உட்கார்ந்துகொண்டது போல அவருக்குத் தோன்றியது. அப்பா மேல் கோபம் வருகிற மாதிரி மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். சொல்லி என்ன பயன், வலி போவது மகளின் பிரியத்தைப் பார்த்து அல்ல, அப்பாவுடைய பிரியத்தைப் பார்த்து.

லிஃப்ட்காரரை அழைத்துவர ஆள் போனது. அன்று மகளின் ஈறில் ஊசி போட்டு அவருடைய மேல்பல்லைப் பிடுங்கினார்கள். ஊசி ஏறும்போது டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்து மகளைத் தடவிக்கொடுத்தார், அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும், அதனால் யாருக்கும் வலி குறையப்போவதில்லை. இன்னும் நான்கைந்து பற்கள் கெடுகிற நிலையில் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் பார்ப்பேன், நடுவில் இருக்கிற நாட்களை யார் பார்ப்பது என்று அவர் கேட்டபோது டீச்சர் மடியில் இருந்த கைப்பையைத் திறந்து உள்ளே இருந்த சாவியைப் பார்த்துவிட்டு மூடினார். மறுநாள் மாடி அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் காலையிலும் ராத்திரியிலும் தொட்டி முன்னால் லிஃப்ட்காரர் நிற்பார், டீச்சர் பக்கத்தில் நிற்பார். பேஸ்ட்டை டீச்சர்தான் வைத்துக் கொடுப்பார். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், நாக்கு என்று முடிகிறவரை நகரமாட்டார். பல்லிடுக்கில் நூல் விடச் செய்வார். மிட்டாய் வீட்டுக்குள் வராது, வேலைப் பையைச் சோதித்த பிறகுதான் அவரை வெளியே விடுவார், ஒயரைப் பல்லால் உரித்ததாகக் கேள்விப்பட்டால் அன்று சாப்பாடு கிடையாது. கெட்டிருந்த பற்களை ஒவ்வொன்றாக அடைத்தார்கள், உடைந்த கடைவாய்ப்பல்லுக்குத் தொப்பி போட்டார்கள். மகள் கல்லூரிக்குப் போனாள், வெளியூரில் விடுதியில் தங்கினாள். அங்கேயும் ஒருமுறைகூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பைவிட்டு எழுந்து வரவில்லை. லிஃப்ட்காரர் வயதுக்கு அப்படி ஒரு வாய் பார்த்ததில்லை என்று டாக்டர் அதை அச்செடுத்து, வரவேற்பறையில் எல்லோரும் பார்க்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். தெருவில், டீச்சர் மனசு யாருக்கு வரும், எல்லாத்தையும் மறந்துட்டு எப்படித் தாங்குறாங்க பாரு என்று பேசிக்கொண்டார்கள். லிஃப்ட்காரரும் அப்படித்தான் நம்பினார். இப்படி வேளை தவறாமல் பக்கத்தில் வந்து நிற்கிற பெண்ணை வேறு எப்படிப் புரிந்துகொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை, வாய் நிறைய நுரையோடு, கண்ணாடியில் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"என் மேல இருந்த கோவமெல்லாம் போயிடுச்சு இல்ல?"

டீச்சர் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ இடது பக்கம் விட்டுட்டீங்க. தேய்ங்க."

அவர் தேய்த்தார்.